புள்ளி பொய் சொல்லாது

அத்தியாயம் 11

அப்பாவுக்குக் காய்ச்சல் என்று போன அத்தியாயத்தில் அம்மா போனில் சொன்னாள் அல்லவா? அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. இரண்டு மாதமாக ஊரையே இருமவைத்துக்கொண்டிருக்கும் அதே நெஞ்சுக் காய்ச்சல்தான் என்று சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது.

முடிவைப் படித்ததும் அப்பாவின் வலது கால் தரையை 'டொம்' என்று மிதித்தது.

அந்தக் காலைப் பற்றிப் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காக ஒரு வரி. அப்பா டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். முப்பது வருஷமாகக் கற்றுக்கொள்கிறவர்களின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தனக்கென்று பொருத்தியிருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்து, அந்தக் கால் இப்போது அவர் பேச்சைக் கேட்பதில்லை. பயம் வந்தால் தானாக மிதிக்கும். டிவியில் யாராவது மாடிப்படியில் வேகமாக இறங்கினால்கூட அப்பா சோபாவிலிருந்தே பிரேக் போடுவார்.

அம்மா வீட்டிலேயே தையல். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு டேப்லெட், டேப்லெட்டில் ஒரு மேப், மேப்பில் மூன்று புள்ளிகள். பச்சை அப்பா, மஞ்சள் சின்னவள், சிவப்பு அம்மா. மூவரின் கைப்பேசியும் எங்கே இருக்கிறதோ அங்கே புள்ளி மினுக்கும். கல்யாணமாகிப் போன மூத்தவளின் புள்ளியை மாப்பிள்ளை அணைத்துவிட்டார். அந்தக் குற்றத்துக்கு அம்மாவிடம் இன்னும் மன்னிப்பு இல்லை.

"மனுஷன் பொய் சொல்லுவான், புள்ளி பொய் சொல்லாது" என்பது அம்மாவின் கட்சி. மற்றவர்கள் தொடர் பார்க்கும் நேரத்தில் அவள் புள்ளி பார்ப்பாள். புதன்கிழமைகளில் மாலை நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை பச்சைப் புள்ளி ஓயாமல் ஊரைச் சுற்றும். "பாவம், மனுஷன் உட்காரக்கூட நேரமில்லாம பாடம் நடத்தறார்" என்று அன்றைக்கு மட்டும் அப்பாவுக்குக் கால் பிடித்துவிடுவதும் உண்டு. அப்பா அதையும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொள்வார்.

இப்போது அப்பா பின்னறையில் தனியாக இருக்க வேண்டும். அம்மாவும் ஐந்து நாள் வெளியே போகக்கூடாது. அதைச் சொல்லச் சுகாதார அலுவலகத்திலிருந்து கூப்பிட்டவரிடம் அம்மா சிரித்துவிட்டாள்.

"நான் எங்க சார் போறேன்? என் புள்ளி வீட்டை விட்டு நகர்ந்து எத்தனை நாளாச்சுன்னு எனக்கே ஞாபகமில்ல."

தையல் மெஷினை இழுத்துப் பின்னறைக் கதவுக்கு வெளியே போட்டுக்கொண்டாள். சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்து, துணி அளக்கும் நீளக் குச்சியால் உள்ளே தள்ளினாள். தட்டு அப்பாவின் கட்டில்வரை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

"பார்க்கிங் நல்லா இருக்கு" என்றார் அப்பா உள்ளேயிருந்து.

*

சின்னவளுக்கு வேலை அதே சுகாதார அலுவலகத்தில்தான். நோய் வந்தவர்கள் யார் யாரோடு இருந்தார்கள் என்று போனிலேயே தேடிப் பிடிக்கும் பிரிவு. வேலை அதிகம் என்பதால் நான்கு வாரமாக அலுவலகத்துக்குப் பக்கத்து விடுதியிலேயே தங்கல்.

அவர்கள் நம்பியிருப்பது 'அருகில்' என்ற செயலியை. இரண்டு கைப்பேசிகள் கால்மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஒன்றையொன்று குறித்துக்கொள்ளும். ஒருவருக்கு நோய் வந்து, அவர் சம்மதப் பொத்தானை அழுத்தினால், மற்றவர்களுக்கெல்லாம் எச்சரிக்கை போகும். அதில் நாளும் நேரமும் மட்டும்தான் இருக்கும். பெயரும் இருக்காது, இடமும் இருக்காது.

இந்தப் பொத்தானை அழுத்த வைப்பதற்குள் அலுவலர்களுக்குத் தாவு தீர்ந்துவிடும். ஆனால் அப்பா கேட்ட மாத்திரத்தில் அழுத்தினார். "தாராளமா பார்த்துக்கோங்க, என் போன்ல மறைக்க ஒண்ணுமே இல்ல" என்றாராம். சின்னவளுக்கு அங்கேயே லேசாக உறுத்தியது. தன் பற்பசையைக்கூட யாருக்கும் தராதவர் அவர்.

சொந்தக்காரர் விஷயத்தை யாரும் தொடக்கூடாது என்பது விதி. அதனால் அப்பாவை விசாரித்தது பக்கத்து மேசைக்காரர். புதன்கிழமை மாலை எங்கே இருந்தீர்கள் என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் ஒரே பதில்: "வண்டியில."

பத்தே முக்காலுக்குக் கண்ணாடி அறைக்குள் பிரிவுத் தலைவியின் கைப்பேசி கூவியது. அவரை எல்லோரும் டாக்டரம்மா என்பார்கள். அந்தக் கூவல் அலுவலகத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். 'நீங்கள் ஒரு நோயாளியின் பக்கத்தில் இருந்திருக்கிறீர்கள்' என்பதற்கான கூவல். நாற்பது தலைகள் ஒரே நேரத்தில் திரும்பின.

"ஒண்ணுமில்ல, அலாரம்" என்றார் டாக்டரம்மா, திருடனுக்குத் தேள் கொட்டிய முகத்தோடு.

ஐந்து நிமிஷம் கழித்துச் சின்னவளை உள்ளே அழைத்துத் திரையை இழுத்துவிட்டார்.

"புதன்கிழமை நாலு பத்துலேருந்து நாலு அம்பத்தஞ்சு வரைக்கும் நான் எங்க இருந்தேன்னு தெரியுமா?"

"வார்டு ஆய்வுன்னு போர்டுல எழுதியிருந்தீங்க மேடம்."

"எழுதினேன்." டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கார் ஓட்டக் கத்துக்கிட்டிருந்தேன். ஏற்கெனவே ரெண்டு தடவை ஃபெயில். ஒரு தடவை ரிவர்ஸ் எடுக்கறதுல. இன்னொரு தடவை நேரா போறதுல. இது என் வீட்டுக்காரருக்கே தெரியாது. நாலு பேருக்குத் தெரிஞ்சா இந்த நாற்காலியில உட்கார்ந்து யாரை அதட்ட முடியும், சொல்லு?"

சின்னவள் சிரிப்பை விழுங்கினாள்.

"இப்ப நான் செய்யக்கூடாததை ஒண்ணு செஞ்சிட்டேன். எச்சரிக்கையில பேர் வராது. ஆனா இன்னிக்குக் காலையில பதிவானதுல டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் ஒரே ஒருத்தர்தான். ரெண்டையும் சேர்த்துப் பார்த்துட்டேன். வேலியே பயிரை மேஞ்ச கதைதான். அதை நானே எழுதி மேலிடத்துக்கு அனுப்பிடறேன். ஆனா விஷயம் அது இல்ல. எனக்கு அன்னிக்குப் பாடம் நடத்தினவருக்குப் பெரிய மீசை."

"எங்கப்பாவுக்கு மீசையே கிடையாது மேடம்."

"அதான் சொல்றேன். போன் வண்டியில இருந்துச்சு. உங்கப்பா வண்டியில இல்ல."

சின்னவளுக்குப் புதன்கிழமைப் பச்சைப் புள்ளி கண்முன்னே ஓடியது. வண்டியின் முன்பெட்டியில் கைப்பேசியைப் போட்டுப் பூட்டிவிட்டு, கூட்டாளி வாத்தியாரிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு, மனுஷன் எங்கோ போய்வந்திருக்கிறார். வாரா வாரம் அவருடைய போன் மட்டும் பாடம் நடத்தியிருக்கிறது. அம்மாவின் மேப்பை ஏமாற்றச் செய்த வேலை, அரசாங்கத்தையும் சேர்த்து ஏமாற்றியிருக்கிறது.

"அந்த வண்டியில ஓட்டின நாலு பேருக்கு எச்சரிக்கை போயிருக்கு, என்னையும் சேர்த்து" என்றார் டாக்டரம்மா. "நாலு பேரும் சும்மா பயந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். கிருமி புளூடூத்துல பரவாது. நிஜமா அவர் பக்கத்துல ரெண்டு மணி நேரம் இருந்த ஆள் யாரோ, அந்த ஆளுக்கு ஒண்ணுமே தெரியாது. அது வயசானவங்களா, நோயாளியா, யாருன்னு கண்டுபிடிக்கணும்."

சின்னவளின் மனசு போன இடத்தை எழுதத்தான் வேண்டும். அவள் ஒரு பெண்ணை நினைத்தாள். தன் அப்பாவை அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது, நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

டாக்டரம்மா ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். உயிருக்கு ஆபத்து என்றால் மேலதிகாரி விதியைத் தளர்த்தலாமாம்.

"நீயே பேசு. ஆனா மகளா இல்ல, அலுவலரா. அவர் சொல்றது உன் காதோட நிக்கணும். உங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை போகக்கூடாது. தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறன்னு சொல்லுவாங்க. நம்ம தொழில்ல காதும் வாயும் வேற. போனா உன் வேலையும் போகும்."

*

"வணக்கம் சார். சுகாதார அலுவலகத்திலேருந்து பேசறேன்."

"ஏய், நீயா? சாப்பிட்டியா?"

"சார், இது அலுவல் அழைப்பு. பதிவாகுது."

"சொல்லுங்க மேடம்" என்றார் அப்பா. மகளை மேடம் என்று கூப்பிட்டதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"புதன்கிழமை உங்க போன் இருந்த இடம் எங்களுக்குத் தெரியும். நீங்க இருந்த இடம் தெரியல."

'டொம்' என்றது அப்பாவின் கால். அதற்குப் பின்னால் கடகடவென்று தையல் மெஷின் ஓடுவது கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா. சுவருக்குக் காது உண்டு என்பார்கள். அந்த வீட்டில் சுவருக்கு வேலையே இல்லை, அம்மாவின் காதே போதும். எழுதி அனுப்பவும் வழியில்லை. அப்பாவின் போனுக்கு வரும் போகும் செய்தியெல்லாம் டேப்லெட்டிலும் தெரிகிற மாதிரி அம்மா எப்போதோ ஏற்பாடு செய்துவிட்டாள்.

"மேடம், இப்ப சொன்னா இது எங்க வீட்டு அம்மாவுக்கு..." என்று அப்பா இழுத்தார்.

"எந்த வீட்டு அம்மாவுக்கும் போகாது சார். பேச முடியலன்னா நான் கேக்கறேன். ஆமான்னா ஒரு இருமல். இல்லைன்னா ரெண்டு. நீங்க போய்ப் பார்த்தது ஒரு பொம்பளையையா?"

இரண்டு இருமல், இடிமாதிரி. சின்னவளுக்குப் போன உயிர் திரும்பியது.

"அறுபது வயசுக்கு மேலயா?"

ஒரு இருமல்.

"உடம்பு முடியாதவரா?"

அப்பா இரும ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது. நிற்கவில்லை.

"சார், அது ஆமாவா, இல்லையா?"

"அது... இருமல் மேடம்."

மெஷின் நின்றது. "என்னங்க, வெந்நீர் வேணுமா?" என்று அம்மாவின் குரல். "வேணாம் வேணாம், நீ தைய்யி!" என்று அப்பா பதறினார். மெஷின் மறுபடி ஓடியது.

சின்னவள் குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்கு மூத்தவரா சார்?"

ஒரு இருமல்.

"கூடப் பிறந்தவரா?"

இந்தத் தடவை இருமல் வரவில்லை. 'டொம்' என்று கால்தான் பதில் சொன்னது.

பெரியப்பா!

பதினொரு வருஷத்துக்கு முந்தைய கோட்டுக் கதையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மூத்தவள் கல்யாணத்துக்காக அம்மா பெரியப்பாவுக்குத் தன் கையால் ஒரு கோட்டு தைத்துக் கொடுத்தாள். அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்தவர் அவர். கண்ணில் பிழை பட்டால் வாய் சும்மா இருக்காது. இருநூறு பேர் நடுவில், கண்ணாடி முன் நின்று, "இடது தோள் இறங்கியிருக்கு" என்றார். "கோட்டு சரியாத்தான் இருக்கு. இறங்கியிருக்கிறது உங்க தோள்" என்றாள் அம்மா. கோட்டு அன்றே திரும்பி வந்தது. அம்மாவின் அலமாரியில் அது தொங்குகிறது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

"அவருக்கு என்ன சார் உடம்புக்கு?"

அப்பா போர்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருக்க வேண்டும், குரல் அமுங்கி வந்தது. "கிட்னி மாத்தியிருக்கு. ஏழு மாசமாச்சு. தனிக்கட்டைதானே, ஒத்தாசைக்கு ஆளில்ல. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார். இது என் ரகசியமா இருந்தா எப்பவோ உங்கம்மாகிட்ட சொல்லியிருப்பேன்மா. இது அவரோடது." குரல் உடைந்தது. "நான் போய் அவருக்கு இதைக் கொடுத்துட்டு வந்துட்டேனா?"

மேடம் என்பது எங்கோ தொலைந்துபோயிருந்தது. அப்பாவைப் பற்றிச் சற்றுமுன் நினைத்ததை எண்ணி, சின்னவளுக்குத் தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"இன்னும் நேரம் இருக்கு சார். நாங்க பார்த்துக்கறோம்."

மெஷின் சத்தம் மறுபடி நின்றது. அப்பா உடனே தலையை வெளியே எடுத்து, "ஆமா மேடம், கிளட்சை மெதுவாத்தான் விடணும்!" என்று கத்தினார்.

*

பெரியப்பா வீட்டு எண்ணை அம்மா எல்லோருடைய போனிலிருந்தும் அழித்திருந்தாள். சின்னவளுக்கு அது சின்ன வயசிலிருந்தே மனப்பாடம்.

டாக்டரம்மா நிலைமையை விளக்கியிருந்தார். மாற்றி வைத்த உறுப்பை உடம்பு ஏற்றுக்கொள்வதற்காகத் தினம் மாத்திரை சாப்பிடுகிறவர். அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்பையே அடக்கிவைக்கும். இப்படிப்பட்டவருக்கு இந்தக் காய்ச்சல் வந்தால் தாங்காது. வருவதற்கு முன்பே, இன்றைக்கே, ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து ஏற்ற வேண்டும்.

"வணக்கம் ஐயா. சுகாதார அலுவலகத்திலிருந்து பேசுகிறேன்" என்று சின்னவள் வழக்கமாக வாசிக்கும் தாளை வாசித்தாள். "நோய் உறுதி செய்யப்பட்ட ஒருவரின் அருகாமையில் தாங்கள் இருந்திருக்கக்கூடும் எனத் தெரியவந்துள்ளது."

"அருகாமை வேணாம்மா. அருகில்னு சொன்னாப் போதும்" என்றது பழகிய குரல். "அந்த ஒருவர் யாரு?"

"சொல்ல அனுமதி இல்லை ஐயா."

"என்னைப் பார்க்க ஏழு மாசமா வர்றது ஒரே ஒரு ஆள்தான்."

"அவர்தான்னு நான் சொல்லல."

"இல்லைன்னும் சொல்லலியே."

"ரெண்டுமே சொல்ல அனுமதி இல்லை."

பெரியப்பா குரலைத் தாழ்த்தி, "அவனுக்கு ரொம்ப முடியலையா?" என்று கேட்டார்.

விதி அதற்கும் இடம் தராது. சின்னவள் யோசித்தாள். "பொதுவா சொல்றேன் ஐயா. எங்க பட்டியல்ல இருக்கிற எல்லாருமே இன்னிக்குக் காலையில தெம்பாத்தான் பேசினாங்க. ஒருத்தர் கத்தினார்கூட."

பெரியப்பா மூச்சுவிடுவது கேட்டது. ஆனால் ஆஸ்பத்திரி வண்டி என்றதும் மறுத்துவிட்டார். மஞ்சள் உடுப்பு போட்டவர்கள் வாசலில் இறங்கினால் தெருவே ஜன்னலுக்கு வந்துவிடும். ஆபரேஷன் நடந்ததையே தெரியவிடாமல் ஏழு மாசம் ஓட்டியாயிற்று. இனிமேல் போய் ஒவ்வொருவரிடமும் நோய்க்கதை சொல்லத் தன்னால் ஆகாது என்றார்.

"ஐயா, உயிர் விஷயம்."

"மானமும் உயிர் விஷயம்தாம்மா."

ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மா எழுந்து, கைப்பையைத் துழாவி ஒரு சாவிக்கொத்தை எடுத்தார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"கார் வாங்கி ஒரு மாசமாச்சு. கீழே சும்மா நிக்குது. உன்கிட்ட லைசென்ஸ் இருக்கா?"

"பதினெட்டு முடிஞ்ச மறுநாளே அப்பா எடுத்துக் கொடுத்துட்டார். நான் ஓட்டட்டுமா மேடம்?"

"நீ பக்கத்துல உட்காரு. நான் ஓட்டறேன். எல் போர்டு மாட்டின கார்ல சுகாதார அலுவலகம் வரும்னு எந்தத் தெரு சந்தேகப்படும்?"

சின்னவளால் மறுக்க முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் அதைவிட நல்ல மாறுவேஷம் கிடையாதுதான்.

*

மூன்று கிலோமீட்டரைக் கடக்க முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. வழியில் சைக்கிள்கள் அவர்களை முந்திப் போயின. ஒரு நாய் முந்திப் போனது.

பெரியப்பா வாசலிலேயே நின்றிருந்தார், முகக்கவசத்தோடு. சின்னவள் கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்டாள். பதினொரு வருஷத்தில் ஆள் பாதியாகியிருந்தார். இடது தோள் மட்டுமல்ல, இப்போது இரண்டு தோளும் ஒரே மாதிரி இறங்கியிருந்தன.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "என்ன, புதுசா கார் பழகறாங்களா?"

"ஆமா, நான்தான் சொல்லித் தர்றேன்" என்று பெரியப்பா பின்சீட்டில் ஏறினார். கார் இரண்டு தடவை நின்று, மூன்றாவது தடவை குதித்துக் கிளம்பியது. ஜன்னல் அனுதாபத்தோடு மூடிக்கொண்டது.

கண்ணாடிகளையெல்லாம் இறக்கிவிட்டுப் போனார்கள். திருப்பத்தில் ஒரு தண்ணீர் லாரி எதிரே வந்தது. டாக்டரம்மா "ஐயோ" என்றார். சின்னவளின் வலது கால் அங்கே இல்லாத பிரேக்கை 'டொம்' என்று மிதித்தது. லாரிக்காரர் நல்லவர், ஒதுங்கிப் போனார்.

பின்சீட்டிலிருந்து பெரியப்பா மெதுவாகச் சொன்னார்:

"உன் பேரை நான் கேக்கல. உங்க விதியில இடமிருக்காது. ஆனா அந்தக் காலை எனக்குத் தெரியும்."

சின்னவள் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அழுதிருப்பாள்.

இரண்டு மணிக்கு ஊசி ஏற்ற ஆரம்பித்தார்கள். மூன்றரைக்கு முடிந்தது. சரியான நேரத்தில் வந்துவிட்டார், ஒரு ராத்திரி இங்கே இருக்கட்டும், பயப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னார். டாக்டரம்மா மற்ற மூன்று பேரின் எச்சரிக்கையை ரத்து செய்யச் சொல்லி அலுவலகத்துக்குப் பேசிவிட்டு, காரை எடுக்க வேறொருவரை வரச்சொன்னார். ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருந்தது.

சின்னவள் இரண்டாம் மாடித் தாழ்வாரத்து ஜன்னலோரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை விடவில்லை. எல்லாம் விதிப்படி. அப்பாவின் ரகசியமும் பிழைத்தது, பெரியப்பாவும் பிழைத்தார். தன்னைத்தானே தட்டிக்கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தபோது போன் அடித்தது. அம்மா.

"உன் மஞ்சப் புள்ளி மத்தியானம் அந்த மனுஷன் தெருவுல பன்னிரண்டு நிமிஷம் நின்னுச்சு" என்றாள் அம்மா. "இப்ப பெரிய ஆஸ்பத்திரியில நிக்குது."

சின்னவளுக்குத் தண்ணீர் புரையேறியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள், காம்பை வெளியே நீட்டிக்கொண்டிருக்க விட்டுவிட்டாள். போன் நாள் முழுக்க அவள் சட்டைப் பையிலேயேதான் இருந்தது.

"அம்மா, அது வந்து... வேலை விஷயமா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். சொன்னா உன் வேலை போயிடும். நானே பேசிக்கறேன், நீ கேளு." அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். காலையிலிருந்தே செருமல்தான். "புதன்கிழமையானா உங்கப்பா சட்டையில ஆஸ்பத்திரி சோப்பு வாசனை வரும். வண்டி கழுவறார்னு நெனச்சேன். கால் வேற பிடிச்சுவிட்டேன். இன்னிக்குக் கதவுக்கு அந்தப் பக்கம் குசுகுசுன்னு பேசிட்டு, கிளட்சுன்னு கத்தறார். சனிக்கிழமையில எந்த மேடத்துக்கு கிளட்ச் பாடம்?"

சின்னவள் சட்டையில் சிந்திய தண்ணீரைத் துடைத்தாள்.

"அவ்வளவு முடியாம இருக்காரா?"

சின்னவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"சரி, இதை மட்டும் சொல்லு. அந்த மனுஷனுக்கு இடது தோள் இப்பவும் இறங்கித்தான் இருக்கா?"

"அம்மா, அது நோயாளியோட அந்தரங்கத் தகவல்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

"ம்" என்றாள் அம்மா. அந்த ஒரு எழுத்தில் பதினொரு வருஷம் இருந்தது. போனை வைத்துவிட்டாள்.

நாலே முக்காலுக்கு அப்பா கூப்பிட்டார்.

"மேடம்..." என்று ஆரம்பித்து, "இல்ல, மகளே" என்று திருத்திக்கொண்டார். "மெஷின் சத்தம் நின்னு அரை மணி நேரமாச்சு. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். உங்கம்மா வீட்டுல இல்ல."

சின்னவள் மேப்பைத் திறந்தாள். சிவப்புப் புள்ளி வீட்டில்தான் இருந்தது.

"வீட்டுலதான்பா இருக்காங்க. புள்ளி அசையவே இல்ல."

"போன் மெஷின் மேல இருக்கு" என்றார் அப்பா. "அலமாரி திறந்து கிடக்கு. அந்தக் கோட்டைக் காணோம். அளவு நாடாவையும் காணோம்."

ஐந்து நாள் வெளியே வரக்கூடாதவள். காலையிலிருந்து செருமுகிறவள். வந்து சேரப்போவது, சின்னக் கிருமியைக்கூடத் தாங்காத ஒரு மனுஷனின் கட்டிலுக்கு. அதுவும் தோளை அளந்து பார்க்க!

சின்னவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கீழே ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. கதவு திறந்தது. முதலில் வெளியே வந்தது, ஹேங்கரோடு ஒரு கறுப்புக் கோட்டு.

அவளுடைய வலது கால் தரையை 'டொம்' என்று மிதித்தது.